நாற்பத்தேழு வயதில் நீந்தக் கற்றது

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழா மலருக்காக என்னிடம் ஒரு கவிதையைக் கேட்டார்கள். வட்டம் தொடங்கிய மூன்றாம் மாதக் கூட்டத்தில் நான் வாசித்த 'மடு' என்ற கவிதை அது. அன்று அதைப் பலரும் பாராட்டினீர்கள். ஆயினும் அதை மலரில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்ட அமைப்பாளரிடம், 'அதில் ஒரு பிழை இருக்கிறது' என்றேன். 'திருத்திக் கொடுங்களேன்' என்றார். அது சொற்பிழையாக இருந்தால் திருத்தியிருப்பேன். அந்தப் பிழை என்னவென்று அறிய எனக்கு இரண்டாண்டுகளும், காலை வேளைகளில் பல நூறு மணி நேரமும், தண்ணீருக்குள் தலையை நுழைக்கும் துணிவும் தேவைப்பட்டன. அந்தக் கதையைத்தான் கவிதைக்கு ஈடாக இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அக்கவிதை, ஆற்று மடு ஒன்றில் மூழ்கும் இளைஞனைப் பற்றியது. அவன் இரு கைகளையும் உயர்த்துகிறான். கரையில் நிற்கும் தம்பியின் பெயரைச் சொல்லி மும்முறை அழைக்கிறான். மூன்றாம் அழைப்பு குமிழிகளாகிறது. வாசித்து முடித்ததும் கைதட்டல் எழுந்தது. பிறகு, நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பொதுப்பணித் துறையில் மதகுகளோடும் அணைகளோடும் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து ஓய்வு பெற்றவர். இன்று அவர் நம்மிடையே இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: 'ஐயா, தங்களுக்கு நீச்சல் தெரியுமா?'

தெரியாது என்றேன். 'கடப்பாரை நீச்சல்தான்' என்று ஒரு நகைச்சுவையும் சேர்த்துக்கொண்டேன். அவை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. 'மூழ்குகிறவன் கூப்பிட மாட்டான் ஐயா' என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். விமரிசனம் என்று அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் அவர் சொன்னது உண்மை என்பது எனக்குத் தெரியும். நான் கரையில் நின்று பார்த்தவன்.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், வெள்ளத்தின் வடிகால். ஆண்டின் பெரும்பகுதியில் அது மணல்வெளி. மேலே தண்ணீர் மிகுந்து திறந்துவிடப்படும்போது மட்டும் கரை தொட்டு ஓடும். வெள்ளம் வடிந்த பின் மணல் திட்டுகளுக்கிடையே ஆழமான மடுக்கள் தங்கும். மேலே கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அடியில் மணல் எங்கே சரியும் என்று சொல்ல முடியாது. 1979ஆம் ஆண்டு தை மாதத்தில், அத்தகைய மடு ஒன்றில், என் பெரியப்பாவின் மகன் இறந்துபோனான். அவனுக்கு வயது பதினாறு. எனக்குப் பதினொன்று. ஊரிலேயே நன்றாக நீந்தக் கூடியவன் அவன். முங்கு நீச்சலில் அவனை வெல்ல ஆளில்லை. கரையில் அவனுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

அண்ணன் கூப்பிடவில்லை. கைகளை உயர்த்தவும் இல்லை. அவன் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் நீர்மட்டத்தில் இருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரை அழுத்தின, கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுகிறவனைப் போல. முடி நெற்றியில் விழுந்து கண்ணை மறைத்தது. அதை அவன் ஒதுக்கவில்லை. அவன் நின்ற நீச்சல் அடித்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். நான் சிரித்தேன் என்றுகூட நினைவு. பிறகு அவன் உள்ளே போனான். முங்கு நீச்சல் என்று எண்ணி, எவ்வளவு நேரம் என்று பார்க்க வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன்.

எந்த எண்ணோடு நிறுத்தினேன் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கும் சொல்லப் போவதில்லை.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தடை. அம்மா என்னை ஆற்றுப் பக்கமோ குளத்துப் பக்கமோ போகவிட்டதில்லை. 'நீச்சல் தெரிஞ்சவனைத்தான் தம்பி ஆறு கொண்டுபோவும்' என்பார். அதை மறுக்க எனக்கு வழியில்லை. நீச்சல் தெரிந்தவன்தானே போனான்? அப்படியே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கவிதையும் எழுதத் தொடங்கினேன். என் கவிதைகளில் நதி ஓடியது, மடு ஆழ்ந்தது, கடல் கொந்தளித்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றறியாத ஒருவன் எழுதியவை அவை. 'மடு' கவிதையில் அண்ணனை மும்முறை அழைக்க வைத்தவனும் நான்தான். அவன் அழைத்திருந்தால் நான் ஊருக்குள் ஓடியிருப்பேன் அல்லவா? அவன் அழைக்காததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே அவன் வாயில் ஒரு குரலை வைத்தேன். அதற்குத்தான் நீங்கள் கைதட்டினீர்கள்.

அடுத்த வாரம் நான் நகரத்தின் பொது நீச்சல் குளத்தில் சேர்ந்தேன்.

முதிர்ந்த வயதில் கற்பவனின் முதல் தடை தண்ணீரன்று, வெட்கம். இடுப்பளவு நீரில் என்னோடு நின்றவர்கள் எல்லாம் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். நான் தொந்தியும் நரையுமாக, சுவரோரக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றேன். பயிற்சியாளருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். 'சார், முகத்த உள்ள விடுங்க' என்றார். விட்டேன். அடுத்த நொடியே வெளியே இழுத்துக்கொண்டேன். மூக்கில் நீர் ஏறி, இருமி, கண் எரிந்து நின்றபோது, பக்கத்திலிருந்த சிறுமி ஒருத்தி, 'அங்கிள், பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது' என்றாள். அன்று எனக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அதுதான், நியாயமானதும்கூட.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை மார்பளவு நீரில் போட்டார். 'எடுத்துட்டு வாங்க சார்' என்றார். குனிந்தேன்; முழங்கால் மடக்கினேன்; மூச்சை நிறைத்துக்கொண்டு முங்கினேன். நாணயம் அங்கேதான் இருந்தது, கைக்கு அரை முழத்தில். ஆனால் என்னால் கீழே போக முடியவில்லை. தண்ணீர் என்னை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. நான்கு முறை முயன்றேன். முப்பத்தாறு ஆண்டுகளாக எது என்னை உள்ளே இழுத்துவிடும் என்று அஞ்சினேனோ, அது என்னை உள்ளே விட மறுத்தது. மூழ்குவதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

இந்த நாணயத்துக்கு ஒரு முன்னோடி உண்டு என்பதைப் பின்னர் படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், நீந்தக் கற்க வயது கடந்துவிட்டது என்று எண்ணிய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வயது கடந்துவிடவில்லை என்று சொல்லி, அவர் கூறிய வழி இது: மெல்ல மெல்ல ஆழமாகும் நீரில் மார்பளவு வரை நடந்து செல்; கரையை நோக்கித் திரும்பு; உனக்கும் கரைக்கும் இடையே ஒரு முட்டையைப் போடு; அதை முங்கி எடுக்க முயல்; அப்போது, நினைத்தபடி மூழ்குவது எளிதன்று என்பதையும் தண்ணீர் உன்னைத் தாங்கவே முனைகிறது என்பதையும் உன் உடலே அறிந்துகொள்ளும். அச்சத்தை வாதத்தால் நீக்க முடியாது என்பதை ஃபிராங்க்ளின் அறிந்திருந்தார். அச்சம் உடலில் இருக்கிறது. ஆகவே பாடமும் உடலுக்கே நடத்தப்பட வேண்டும்.

ஆனால் அந்த முட்டைக்கும் முன்னோடி நம்மிடம் உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாடலை இவ்வவையில் அறியாதவர் இருக்க மாட்டார்கள். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. தடியூன்றி, இருமலுக்கிடையே பேசும் முதியவர், தம் இளமையை நினைக்கிறார். துறையருகே நீரில் தாழ்ந்திருந்த மருத மரத்தின் கிளையேறி, கரையில் இருந்தோர் வியக்க, ஆழ்ந்த மடுவில் பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டிய இளமை அது. கல்லூரி நாளிலிருந்து அப்பாடலை நான் முதுமையின் இரங்கலாகவே படித்து வந்தேன். நாணயத்தை எடுக்க முடியாமல் நான்காம் முறை வெளியே வந்தபோதுதான், அந்த மணல் எத்தகைய சான்று என்று விளங்கியது. மடுவின் அடிவரை செல்ல எவ்வளவு பழக்கம் வேண்டும், எவ்வளவு மூச்சடக்கம் வேண்டும்! கைப்பிடி மணல், அடியைத் தொட்டேன் என்பதற்கான ஒரே சாட்சி. அப்பாடலைப் பாடியவர் கரையில் மட்டுமே நின்றவராக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

நம் இலக்கியத்தில் நீச்சல் பெரும்பாலும் உவமையாகத்தான் வருகிறது. திருக்குறளின் முதல் அதிகாரம், பிறவியைக் கடலாக்கி அதை நீந்துவோரைப் பற்றிப் பேசி முடிகிறது. காமத்துப்பாலின் தலைவியோ காமம் என்னும் வெள்ளத்தை நீந்திக் கரை காணாமல் நள்ளிரவில் தனித்திருக்கிறாள். கரையில் நின்றோரின் பாடலும் உண்டு. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் பரணர் பாடினார். அவள் பெயரிலேயே குறுந்தொகையில் ஒரு பாடல் இருக்கிறது. நானும் அந்த வழியில் வந்தவன் என்றுதான் என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். ஆனால் ஆதிமந்தி தேடினாள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

மீண்டும் குளத்துக்கு வருகிறேன். மிதக்கக் கற்றபின் அடுத்த தடை மூச்சு. பத்து மீட்டர் போவதற்குள் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும். காற்று போதவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் வாயைப் பெரிதாகத் திறந்து மேலும் மேலும் இழுத்தேன். மேலும் மூச்சு முட்டியது. ஒருநாள் பயிற்சியாளர் என் பக்கத்தில் தண்ணீருக்குள் முகம் வைத்துக் கவனித்துவிட்டுச் சொன்னார்: 'சார், நீங்க மூச்சை விடவே இல்லை. உள்ள வாங்கி வாங்கி வச்சுக்கிறீங்க. பழைய காத்து போனாத்தானே புதுக் காத்து வரும்?'

உடலியல் நூல்களைப் புரட்டியபோது அவர் சொன்னதற்கு விளக்கம் கிடைத்தது. மூச்சுமுட்டும் உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது பிராணவாயுவின் குறைவன்று, உள்ளே தேங்கும் கரியமில வாயு. அஞ்சுகிறவன் மூச்சை அடக்குகிறான். அடக்கியதால் கரியமில வாயு தேங்குகிறது. தேங்கியதால் அச்சம் கூடுகிறது. இதிலிருந்து வெளியேற வழி ஒன்றே. முகம் நீருக்குள் இருக்கும்போதே, இடைவிடாமல், மூக்காலும் வாயாலும் காற்றை வெளியேவிட வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பும் கணத்தில் உள்ளிழுக்க மட்டுமே நேரமுண்டு, வெளிவிட நேரமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீரில் வைத்துக் குமிழி விடுவதையே மூன்று வாரம் பயின்றேன். கரையில் பிள்ளைகளை அழைத்துவந்திருந்த தாய்மார்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், என் வாழ்நாளில் நான் கற்றவற்றில் இதைவிடப் பயனுள்ளது சிலவே.

நீந்துவது ஒன்று, நன்றாக நீந்துவது வேறு. ஐந்து மாதங்களில் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விட்டேன். இருபத்தைந்து மீட்டர். அதற்கு முப்பத்தொரு கைவீச்சு ஆயிற்று. கரை சேர்ந்தபோது, காவிரியையே நீந்திக் கடந்தவனைப் போல மூச்சிரைத்தது. இன்னும் வேகமாகக் கையை வீசினால் சரியாகிவிடும் என்று எண்ணினேன். அதுதான் வயது வந்தவன் செய்யும் தவறு. வாழ்க்கையில் பலவற்றை முயன்று, முட்டி மோதிப் பெற்றவன் அவன். தண்ணீரையும் அப்படியே வென்றுவிடலாம் என்று நினைக்கிறான்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. வேகம் இரு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்லச் செலவிட வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. ஆகவே வலுவைக் கூட்டி வேகம் பெறுவது நட்டக் கணக்கு. எதிர்ப்பைக் குறைப்பதே வழி. மனித உடலில் மிதப்பின் மையம் நுரையீரலை ஒட்டி மார்பில் இருக்கிறது. எடையின் மையம் இடுப்பருகே இருக்கிறது. அதனால்தான் கால் தாழ்கிறது. தலையை உயர்த்திப் பார்த்தால் இடுப்பு மேலும் தாழும். உடல் நீரில் சாய்ந்து, தடுப்புப் பலகையைப் போல் நிற்கும். முகத்தைக் கீழ்நோக்கி வைத்து, மார்பைச் சற்றே நீரில் அழுத்தினால் இடுப்பு தானே மேலெழும். பிறகு உடலைப் பக்கவாட்டில் உருட்டி, ஒரு கையை நீட்டி, அந்த நீட்டத்தின்மேல் சறுக்கிச் செல்ல வேண்டும். மறு கை வரும்வரை அவசரம் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. தலையை உயர்த்தாமல் இருக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. எங்கே போகிறோம் என்று பார்க்காமல், குளத்தடியில் பதித்த கறுப்புக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போவதற்கு ஒருவித நம்பிக்கை வேண்டும். கரையை நோக்கித் தலை தூக்குவது நீச்சலின் குற்றமன்று, அச்சத்தின் பழக்கம்.

வாரத்தில் நான்கு காலை. முதலில் மெதுவாக நான்கு சுற்று. பிறகு மிதவைப் பலகையைப் பிடித்துக் கால் பயிற்சி. கால்களுக்கிடையே மிதவையைச் செருகிக் கைப் பயிற்சி. அதன்பின் இருபத்தைந்து மீட்டரை மீண்டும் மீண்டும் நீந்தி, ஒவ்வொரு முறையும் கைவீச்சுகளை எண்ணுவது. முப்பத்தொன்று இருபத்தெட்டாயிற்று, இருபத்தைந்தாயிற்று, வெகுநாள் அங்கேயே நின்றது. ஒருநாள், காய்ச்சலில் கிடந்து எழுந்து, வலுவில்லாமல் சோர்ந்து நீந்தியபோது இருபத்திரண்டு! வலு இல்லாததால் நான் தண்ணீரோடு போராடவில்லை. அன்றுதான் எனக்கு நீச்சல் வந்தது என்று சொல்வேன். முன்பு ஒருமுறை கரையில் நின்று எண்ணியவன் நான். இப்போது தண்ணீருக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தேழு வயதில் தொடங்கியவனுக்கு ஒரு முன்மாதிரி வேண்டியிருந்தது. மிஹிர் சென்னைக் கண்டுகொண்டேன். 1994இல், சிறுவனாக இருக்கும்போதே கடல்களைக் கடந்த நம் குற்றாலீஸ்வரனை எல்லோரும் அறிவோம். ஆனால் மிஹிர் சென் இளமையிலிருந்து பயின்ற நீச்சல் வீரரல்லர். இங்கிலாந்தில் சட்டம் படிக்கச் சென்ற வங்காளி. 1950இல் ஃப்ளாரன்ஸ் சாட்விக் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தியைப் படித்து ஆசை கொண்டபோது அவருக்கு நீச்சலில் பழக்கம் இல்லை என்றே சொல்லலாம். பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்து கற்றார். சில முறை முயன்று தோற்றார். 1958 செப்டம்பர் 27 அன்று, 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரானார். 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து ஓராண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்த காலம் அது. அந்த 25 மணி நேரத்துக்கும் மேற்பட்ட நீச்சலை நினைக்கும்போதெல்லாம், அதற்குப் பின்னால் இருந்த ஒரு காலை வேளையையே நான் எண்ணுவேன். வளர்ந்த ஓர் இளைஞர் தெரியாத ஊரின் குளத்தில், முகத்தை நீரில் வைத்துக் குமிழி விட்ட காலை.

இனி, கவிதையின் பிழைக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் ஒருநாள், நான் கரையில் உடல் துவட்டிக்கொண்டிருந்தேன். ஆழம் கூடும் இடத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் ஒரு சிறுவன் இருந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் நீர்மட்டத்தில். கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தின. முடி கண்ணை மறைத்திருந்தது. சத்தமே இல்லை. அவனைச் சுற்றி இருபது பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், எங்கேயோ பார்த்த காட்சி என்று என் உடல் முழுதும் சில்லிட்டது. வாயைத் திறப்பதற்குள் பயிற்சியாளர் நீளக் கழியை நீட்டிச் சிறுவனை இழுத்துவிட்டார். அவன் கரையேறி, இருமி, அதன் பிறகுதான் அழுதான்.

அன்று பயிற்சியாளர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது இது. மூழ்குகிறவன் கத்த மாட்டான். பேச்சு, மூச்சின் உபரி. மூச்சுக்கே வழியில்லாதவனுக்குப் பேச்சு இல்லை. கையை அசைத்து அழைக்கவும் மாட்டான்; உடல் தானாகவே கைகளால் நீரைக் கீழே அழுத்தி, வாயை மேலே கொண்டுவர முயலும். பின்னர் நூல்களில் தேடியபோது, ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் இதை 1970களிலேயே படமெடுத்து ஆராய்ந்து எழுதியிருப்பதைக் கண்டேன். இருபது முதல் அறுபது நொடிகள்; அவ்வளவுதான் அவகாசம். அதற்குள் அருகில் இருப்பவர்கள் அதைப் பெரும்பாலும் விளையாட்டென்றே எண்ணுகிறார்கள்.

விளையாட்டென்றே எண்ணுகிறார்கள். இந்த வரியைப் படித்தபோது எனக்குப் பதினொரு வயது. நூலகத்தின் நாற்காலியில் அமர்ந்து, நான் அழுதேன். அண்ணன் என்னை அழைக்காதது, என்னை நம்பாததாலன்று. நான் ஓடாதது, அவனை நேசிக்காததாலன்று. அது எனக்கு விடுதலை தந்ததா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உண்மையைத் தந்தது. அவனுடைய கடைசி நிமிடம் மௌனமானது. அந்த மௌனம் அவனுக்குரியது. அதில் என் வசதிக்காக ஒரு குரலை வைக்க எனக்கு உரிமையில்லை. இதுதான் 'மடு' கவிதையின் பிழை.

இன்னொரு பிழையும் அதில் உண்டு. கவிதையில் ஒரு தாய் வருகிறாள், தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் தாய். நான் நீச்சல் பழகுவதை அம்மாவிடம் இரண்டாண்டு மறைத்தேன். காலை நடை என்று சொல்லிவிட்டுப் போவேன். 2018இல் ஒருநாள், எண்ணெய் வைத்துவிடுவதாகச் சொல்லித் தலையைத் தொட்டவர், முடியை முகர்ந்து பார்த்தார். குளோரின் வாடை. எதுவும் பேசவில்லை. எண்ணெய் தேய்த்து முடித்தபின் கேட்டார்: 'மல்லாக்கப் படுக்க வருதா?'

வருகிறது என்றேன்.

'தலையைத் தூக்காம காதுவரைக்கும் தண்ணியில வைக்கணும்' என்றார்.

எனக்குப் புரியவில்லை. 'உனக்கு எப்படிம்மா தெரியும்?' என்றேன். அப்போதுதான் சொன்னார். அவர் பிறந்த ஊரில் பெண்பிள்ளைகள் எல்லோரும் குளத்தில் நீந்துவார்கள். திருமணமாகி வந்த பிறகும், விடியுமுன் எங்கள் ஊர்க்குளத்தில் நீந்தியவர் அவர். 'அவனுக்கு சொரக்குடுக்கை கட்டி எறக்கிவிட்டவ நான்தான் தம்பி. ஏழு வயசு அவனுக்கு. நாலு நாள்ல குடுக்கைய அவுத்துப் போட்டுட்டான்' என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாற்பதாண்டுக் காலம் ஒரே வீட்டில் இருந்தும் நான் இதை அறியவில்லை. அவருக்குத் தண்ணீர் தெரியாது என்று எழுதினேன். தண்ணீரை நன்கறிந்தவர் அவர். அஞ்சியது தண்ணீரையன்று, தாம் கற்றுக்கொடுத்ததை. அவரும் ஓர் எண்ணிக்கையை உள்ளே வைத்துக்கொண்டு, வெளிவிடாமல் வாழ்ந்திருக்கிறார். அம்மா 2022இல் மறைந்தார். அதற்குப் பிறகே இதை அவையில் சொல்லும் உரிமை எனக்கு வந்தது.

'நீச்சல் தெரிந்தவனைத்தான் ஆறு கொண்டுபோகும்' என்று அவர் சொன்னது பொய்யா? முழுப் பொய்யன்று. குளத்தில் ஆயிரம் மீட்டர் நீந்தும் நான், இன்றும் கொள்ளிடத்தில் இறங்க மாட்டேன். எங்கே இறங்கக் கூடாது என்பதே நன்றாக நீந்துபவன் கற்கும் கடைசிப் பாடம். ஆனாலும் கல்லாமை அதற்கு மருந்தன்று. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பங்கினர் குழந்தைகளும் இளையோரும். ஆகவே நண்பர்களே, உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். தெரியாதெனில் நீங்களும் அவர்களோடு இறங்குங்கள். யாரேனும் நீரில் ஓசையின்றித் தலை சாய்த்து நின்றால், 'நலமா?' என்று உரக்கக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அதுவே பதில். நீந்தத் தெரியாதவர்கள் குதிக்க வேண்டாம். கயிறோ, கழியோ, வேட்டியோ, சேலையோ, கைக்குக் கிடைத்ததை வீசுங்கள். கூக்குரல் எழுப்புங்கள். குரல் கரையில் நிற்பவனிடம்தான் இருக்கிறது.

2020 மார்ச்சில் குளங்கள் மூடப்பட்டு, பல மாதம் தண்ணீரைக் காணாமலிருந்து மீண்டபோது, என் இருபத்திரண்டு மறுபடி இருபத்தாறாகியிருந்தது. கம்பியைப் பிடித்துக் குமிழி விடுவதிலிருந்தே திரும்பத் தொடங்கினேன். அதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. பத்தாண்டு நிறைந்த வட்டமும் அப்படித் தொடங்க அஞ்சாது என்று நம்புகிறேன். கவிதையைப் பாராட்டுவது எளிது. 'ஐயா, தங்களுக்கு இது தெரியுமா?' என்று அன்போடு கேட்பது அரிது. அப்படிக் கேட்ட அந்தப் பெரியவருக்கு இவ்வுரையைக் காணிக்கையாக்குகிறேன்.

இருபத்தைந்து மீட்டர்க் குளத்தின் ஆழமான முனையில், பத்தடி நீரின் அடியில் மணல் இல்லை, ஓடுதான் பதித்திருக்கிறார்கள். இருந்தும் சில காலைகளில் மூச்சை முழுவதும் வெளிவிட்டுக் கீழே போய், அதைக் கையால் தொட்டுவிட்டு வருகிறேன். காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருப்பதில்லை.